உங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார், என்ன பேசினார்? மலையக வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்தல் நெருங்கும்போது லயத்து வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் ஒரு வாக்கியம் மட்டும் மாறுவதில்லை: "பாராளுமன்றத்தில் உங்களுக்காகக் குரல் கொடுத்தேன்." கொடுத்தாரா இல்லையா என்று சரிபார்க்க யாருடைய தயவும் தேவையில்லை. சபையில் பேசப்படுவது ஹன்சாட் என்ற அதிகார அறிக்கையில் அச்சாகிறது. பெயர் பதிந்து வாக்கெடுப்பு நடந்திருந்தால் யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதும் அதிலேயே இருக்கிறது. பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முதல் தடவை அதைத் திறக்கும் பலர் பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி வாசிப்பது என்று எவரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

நம் சமூகத்துக்கு இந்த வேலை மற்ற எவரையும்விட அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் சேர்ந்து நம் முன்னோரின் வாக்குச்சீட்டைப் பறித்தன. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சபைக்கு உறுப்பினர்களை அனுப்பியது. 1952 இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. அதன்பின் நியமன உறுப்பினர் காலம். 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றபோதுதான் மலையக வாக்கின் பலம் மறுபடி சபையில் தெரிந்தது. அப்படித் திரும்பக் கிடைத்த வாக்கை வாங்கிப் போனவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்று பார்ப்பது நம் உரிமை.

முதற்படி: பாராளுமன்றம் தீர்மானிக்கும் விடயமா என்று பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். "சம்பள உயர்வுக்கு எங்கள் எம்.பி. ஆதரவாக வாக்களித்தாரா?" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. காரணம், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பாராளுமன்ற வாக்கெடுப்பால் முடிவாவதில்லை. நீண்ட காலம் அது தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் முடிவானது. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று வந்தது அந்த வழியில்தான். 2021 இல் 1,000 ரூபாய் சம்பள நிர்ணய சபை ஊடாக, வர்த்தமானி மூலம் வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயும் அப்படியே. இந்த மூன்றிலும் எந்த எம்.பி.யும் கை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய இடமும் அதுவல்ல.

அப்படியானால் சம்பளம் பற்றி எம்.பி.யின் பதிவில் எதைப் பார்ப்பது? வரவு செலவுத் திட்ட உரையில் முன்மொழிவு வந்ததா என்று பாருங்கள். 1,000 ரூபாய் 2021 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அதாவது 2020 நவம்பர் உரையில் இருந்தது. அந்த விவாதத்தில் உங்கள் உறுப்பினர் எழுந்து என்ன சொன்னார்? பெருந்தோட்ட அமைச்சுக்கான குழுநிலை விவாதத்தன்று சபையில் இருந்தாரா? தொழில் அமைச்சரிடம் வாய்மூல வினா கேட்டாரா? சம்பளத்தைப் பொறுத்தவரை அவருடைய பதிவு என்பது இவைதான்.

சட்டத்தால் முடிவானவை வேறு வகை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தது. நம் ஊர்களில் மலையக அதிகார சபை என்கிறோமே, அதுதான். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தந்தது. இவற்றுக்கெல்லாம் ஹன்சாட்டில் திகதியோடு விவாதம் இருக்கிறது. உங்கள் கேள்வி முதல் வகையா, இரண்டாம் வகையா என்று தெளிந்துகொண்டால் பாதித் தேடல் மிச்சம்.

இரண்டாம் படி: திகதியைப் பிடியுங்கள்

ஹன்சாட்டைப் பெயரால் தேடாதீர்கள், திகதியால் தேடுங்கள். பல கோப்புகளில் தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்து தேடினால் சரியாக அகப்படாது. பாராளுமன்றம் வழமையாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை கூடும். ஆகவே "சென்ற மாதம் ஏதோ ஒரு நாள் பேசினாராம்" என்று கேள்விப்பட்டால்கூடத் திறந்து பார்க்க வேண்டியவை ஏறத்தாழ எட்டு நாட்களின் கோப்புகள்தான்.

வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் நவம்பரில் வரும். இரண்டாம் வாசிப்பு, அதாவது திட்டம் முழுவதையும் பற்றிய பொது விவாதம், அதன் முடிவில் ஒரு வாக்கெடுப்பு, பிறகு அமைச்சு அமைச்சாகக் குழுநிலை விவாதம், டிசம்பரில் மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பு. தேர்தல் வந்தால் மாறும்: 2025 ஆம் ஆண்டுக்கானது அந்த ஆண்டு பெப்ரவரி 17 அன்றுதான் சமர்ப்பிக்கப்பட்டது.

சட்டமூலத்தின், அதாவது இன்னும் சட்டமாகாத வரைவின், பெயரிலும் கவனம் வேண்டும். 2022 ஒக்டோபர் 21 அன்று நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் சட்டமூலமாக இருந்தபோது 22 ஆவது. சட்டமானபோது 21 ஆவது. அன்றைய பத்திரிகைகளில் 22 என்று இருக்கும், இன்றைய சட்டப் புத்தகத்தில் 21. இரண்டு வெவ்வேறு திருத்தங்கள் என்று எண்ணி, "ஒன்றுக்கு ஆதரவளித்தார், மற்றதற்கு வரவே இல்லை" என்று எழுதிவிட வேண்டாம்.

மூன்றாம் படி: வாக்கு எந்த முறையில் எடுக்கப்பட்டது?

மூன்று முறைகள் உண்டு. எல்லாவற்றிலும் பெயர் பதிவாகாது.

சாதாரணமாகச் சபாநாயகர் கேள்வியை விடுப்பார், உறுப்பினர்கள் வாயால் சொல்வார்கள், எந்தப் பக்கம் பலம் என்று அவர் அறிவிப்பார். எவரும் ஆட்சேபிக்காவிட்டால் அத்துடன் முடிந்தது. பத்திரிகையில் "வாக்கெடுப்பின்றி நிறைவேறியது" என்று வருவது இதுதான். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர்ப் பட்டியல் இராது. 2003 குடியுரிமைச் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. அதனால்தான் அதைத் தாங்களே கொண்டுவந்ததாகப் பல மேடைகளில் கேட்க முடிகிறது. அப்படிச் சொல்பவர் அன்று விவாதத்தில் பேசினாரா என்று மட்டும்தான் நீங்கள் பார்க்கலாம். அதைப் பாருங்கள், அதுவே நிறையச் சொல்லும்.

ஓர் உறுப்பினர் எழுந்து வாக்கெடுப்பு வேண்டும் என்று கோரினால் மணி ஒலிக்கும். உறுப்பினர்கள் ஆசனத்துக்குத் திரும்புவார்கள். இலத்திரனியல் முறையிலோ பெயர் கூப்பிட்டோ வாக்கு எடுக்கப்படும். உங்களுக்கு வேண்டியது இந்தப் பட்டியல்தான். யார் வாக்கெடுப்பைக் கோரினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒரு சட்டத்தை வறுத்தெடுத்துவிட்டு, சபையில் வாக்கெடுப்புக்கூடக் கோராமல் அதை நிறைவேற விட்ட எதிர்க்கட்சிக்காரரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மூன்றாவது, இரகசிய வாக்கு. 2022 ஜூலை 20 அன்று பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3 வாக்குகள். எவர் எவருக்கு என்பது பதிவில் இல்லை, இருக்கவும் கூடாது. "எங்கள் எம்.பி. இன்னாருக்குத்தான் போட்டார்" என்று யாராவது அடித்துச் சொன்னால், அந்த எம்.பி.யே பகிரங்கமாகச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் வாக்குப் பதிவு என்று எழுதாதீர்கள், அவருடைய கூற்று என்று எழுதுங்கள்.

நான்காம் படி: பெயர்ப் பட்டியலை வாசிப்பது

இங்கே கொஞ்சம் நேரம் எடுங்கள். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பழகுவது நல்லது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி ஹன்சாட்டை எடுங்கள். அன்று நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு. கோப்பின் முகப்பிலேயே உள்ளடக்கம் மூன்று மொழியிலும் இருக்கும். அதில் சட்டமூலத்தின் பெயரைக் கண்டுபிடித்து, விவாதம் முடியும் இடத்துக்குப் போங்கள். ஹன்சாட் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சாகிறது. பத்திகளுக்குத் தனி இலக்கம் உண்டு. பின்னர் எவருக்காவது காட்டும்போது திகதியையும் பத்தி இலக்கத்தையும் சொன்னால் போதும், அவரே போய்ப் பார்த்துக்கொள்வார்.

முடிவு: சார்பாக 108, எதிராக 62. கூட்டினால் 170. சபையில் மொத்தம் 225 பேர். ஆக, 55 பேரின் வாக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை. சபாநாயகர் முதலில் வாக்களிப்பதில்லை. அரசியலமைப்பின் 72 ஆம் உறுப்புரைப்படி வாக்குகள் சமமானால் மட்டுமே அவர் வாக்களிப்பார். அவரைக் கழித்தாலும் 54 பேர். நாட்டில் எவர் கைபேசியில் என்ன எழுதினாலும் தொடக்கூடிய ஒரு சட்டத்தில் இத்தனை பேரின் நிலைப்பாடு வாக்காகப் பதிவாகவில்லை. உங்கள் மாவட்டத்து உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாக இரண்டு பட்டியலிலும் தேடுங்கள். அன்றைய பாராளுமன்றத்தில் நுவரெலியாவுக்கு 8 பேர், பதுளைக்கு 9 பேர். இரண்டிலும் இல்லாத பெயர்களைத் தனியே எழுதுங்கள். அதே நாள் மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பின்றி முடிந்தது என்பதையும் அடுத்துவரும் பக்கத்தில் காண்பீர்கள்.

பட்டியலில் இல்லாததற்குப் பல காரணம் இருக்கலாம்: சுகவீனம், வெளிநாட்டுப் பயணம், மரண வீடு, வேண்டுமென்றே நழுவியது. எது என்று பட்டியல் சொல்லாது. ஒரு தடவை வராததை வைத்து எவரையும் கழுவேற்றக் கூடாது. ஆனால் சங்கடமான வாக்கெடுப்பு வரும் ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் காணாமல் போனால் அது தற்செயல் அல்ல.

அதோடு, வராமல் இருப்பதன் எடை எல்லா வாக்கெடுப்பிலும் ஒன்றல்ல. சாதாரணச் சட்டமூலத்துக்கு, வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். வராதவர் எந்தத் தட்டிலும் இல்லை. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்குகள் வேண்டும். அங்கே வராதவர் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம். 2020 ஒக்டோபர் 22 அன்று 20 ஆவது திருத்தம் 156க்கு 65 என நிறைவேறியது. எதிரணியிலிருந்து எட்டுப் பேர் ஆதரித்தார்கள். அந்த எட்டைக் கழித்தால் 148. அந்த எட்டுப் பேரில் ஒருவர், பதுளை மாவட்டத்தில் ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலில் தெரிவான அ. அரவிந்தகுமார். அவர் சார்ந்திருந்த தமிழ் முற்போக்குக் கூட்டணியின் மற்றவர்கள் எதிர்த்தார்கள். 2022 இல் அவர் கல்வி இராஜாங்க அமைச்சரானார். இதைப் பதிவாக வையுங்கள். அவர் தந்த விளக்கத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். தீர்ப்பைப் பதுளை வாக்காளர் எழுதட்டும்.

பிரேரணையின் திசையையும் மறக்கக் கூடாது. 2024 மார்ச்சில் அப்போதைய சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு ஆதரவாக 75, எதிராக 117. அதில் "எதிராக" வாக்களித்தவர் சபாநாயகரைக் காப்பாற்றியவர். வட்ஸ்அப்பில் சுற்றும் அட்டைகளில் இந்த இடம் தலைகீழாகிவிடுகிறது. எப்போதும் பிரேரணை என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டு, பிறகு வாக்கை எழுதுங்கள்.

கட்சி விடயத்தில் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மவர் பலர் ஒரு சங்கத்தின் தலைவர், ஒரு கூட்டணியின் பங்காளி, இன்னொரு கட்சியின் சின்னத்தில் தெரிவானவர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2020 இல் நுவரெலியாவில் மொட்டுச் சின்னத்தில் நின்றது, 2024 இல் யானைச் சின்னத்தில் நின்றது. மலையக மக்கள் முன்னணியும் தொழிலாளர் தேசிய சங்கமும் தமிழ் முற்போக்குக் கூட்டணிக்குள் இருந்துகொண்டு டெலிபோன் சின்னத்தில் வந்தன. ஆகவே கட்சிப் பெயரை வைத்துத் தேடினால் ஆள் நழுவிவிடுவார். நபரின் பெயரை வைத்துத் தேடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அவர் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு துண்டுத்தாளில் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னம் கொடுத்த கட்சியின் கட்டுப்பாடும் இலேசானதல்ல. கட்சி ஒருவரை வெளியேற்றினால், உயர் நீதிமன்றம் காப்பாற்றாவிட்டால், ஒரு மாதத்தில் அவர் ஆசனம் போகும். அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரை அப்படித்தான் இருக்கிறது. எப்படி வாக்களிப்பது என்று உறுப்பினர்களுக்குக் கட்சி சார்பில் கட்டளையிடும் கொறடா சொன்னபடி வாக்களித்த ஒருவரைக் கோழை என்று சொல்லும் முன் இதை நினையுங்கள். ஆனால் அதையே சாக்காக எடுத்துக்கொள்ளும் உறுப்பினரிடம், விவாதத்திலாவது மறுப்பைச் சொன்னீர்களா என்று கேட்கலாம். பேசுவதற்குக் கொறடாவின் பூட்டு அவ்வளவு இறுக்கமாக இல்லை.

ஐந்தாம் படி: உரையை ஹன்சாட்டில் வாசிப்பது

எம்.பி. எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே ஹன்சாட்டில் அச்சாகிறது. தமிழ் உறுப்பினர் சிங்களத்தில் பேசியிருந்தால் சிங்களத்தில்தான் இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளே இதற்குக் கெட்டிக்காரர்கள். நேரலைக் காணொளியில் கேட்பது சில வேளை உடனடி மொழிபெயர்ப்பாளரின் குரல். அவர் அவசரத்தில் தேர்ந்த சொல்லை எம்.பி.யின் வாயில் வைக்கக் கூடாது.

முதலில் வெளியாகும் பிரதியின் முகப்பில் "பிழை திருத்தப்படாதது" என்று அச்சிட்டிருக்கும். திருத்திய பதிப்பு பிறகு வரும். மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள். இடையில் சில சொற்கள் இல்லாமல், அக்கிராசனத்தின், அதாவது சபைக்குத் தலைமை தாங்குபவரின், கட்டளைப்படி அகற்றப்பட்டதாக ஒரு குறிப்பு மட்டும் இருந்தால், காணொளியில் அந்தச் சொற்கள் இருக்கக்கூடும். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நேரம் போதாதபோது உறுப்பினர் மிச்ச உரையை வாசிக்காமல் எழுத்தில் கையளிப்பதுண்டு; சபாபீடத்தில் வைப்பது என்பார்கள். அதுவும் ஹன்சாட்டில் ஏறும். அது உரையின் பகுதிதான், ஆனால் சபையில் எவரும் அதைக் கேட்கவில்லை, அமைச்சர் அதற்குப் பதில் சொல்லவும் இல்லை. எழுதி வைத்ததையும் எழுந்து பேசியதையும் ஒரே எடையில் போடாதீர்கள்.

உரையைவிட நான் அதிகம் மதிப்பது வாய்மூல வினாக்களை. ஆவேச உரைக்கு அமைச்சர் புன்னகைத்துவிட்டுப் போகலாம். "இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் எத்தனை குடும்பத்துக்குக் காணி உறுதி வழங்கப்பட்டது?" என்று இலக்கமிட்டுக் கேட்ட வினாவுக்கு எண்ணோடு பதில் வர வேண்டும், அந்தப் பதில் ஹன்சாட்டில் நிலைக்கும். ஐந்து வருடம் கழித்தும் அதை நீட்டிக் கேட்கலாம். தனி உறுப்பினர் பிரேரணை, ஒத்திவைப்புப் பிரேரணை ஆகியவற்றையும் பாருங்கள். உங்கள் எம்.பி. பெயரில் பிரேரணை ஒழுங்குப் புத்தகத்தில் (விவாதத்துக்குக் காத்திருப்பவற்றின் பட்டியலில்) கிடக்கிறதா, விவாதத்துக்கு வந்ததா?

வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் நடத்தும் மந்திரி இணையத்தளம் ஹன்சாட்டை வைத்து உறுப்பினர்களை வரிசைப்படுத்துகிறது. தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் எவ்வளவு பங்களித்தார் என்பது அங்கே தெரியும், உங்கள் தோட்டத்துக்கு உதவும்படி பேசினாரா என்பது உரையை வாசித்தால்தான் தெரியும். தரவரிசை எண்ணோடு நின்றுவிடாதீர்கள்.

ஆறாம் படி: சபைக்கு வெளியே சொன்னவை

மே தின மேடை, ஊடகச் சந்திப்பு, ஃபேஸ்புக் நேரலை, தேர்தல் விஞ்ஞாபனம் எல்லாம் இதில் அடங்கும். ஆளும் தரப்புக்கு 2023 ஒக்டோபரில் தேசிய மக்கள் சக்தி வெளியிட்ட ஹட்டன் பிரகடனம் கையில் இருக்கட்டும். எதிர்த்தரப்புக்கு அவர்கள் அமைச்சர்களாக இருந்த காலத்து வாக்குறுதிகள் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அந்த வேலையை எவரும் நம்பமாட்டார்கள்.

சேகரிக்கும்போது திகதி, இடம், முழுக் காணொளி மூன்றும் வேண்டும். அரை நிமிடத் துண்டை நம்பாதீர்கள். "வீடு கட்டித் தரமாட்டோம்" என்று ஒருவர் சொல்வதுபோல் வரும் துண்டில், பின்னால் "என்று முந்தைய அமைச்சர் சொன்னார்" என்பது வெட்டப்பட்டிருக்கலாம். முழு உரையை எடுத்து, அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடமாவது கேளுங்கள். ஃபேஸ்புக் பதிவு அழிக்கப்படலாம், ஆகவே பார்த்த அன்றே திகதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, இணைப்பை, இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கும் வேபெக் மெஷின் தளத்திலும் சேமியுங்கள். பழைய கூற்றுகளுக்கு நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடலாம்.

பழையவற்றில் திகதி பிசகினால் வரலாறே பிசகும். பிரசாவுரிமை விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் என்ன செய்தார் என்று இன்றும் தேநீர்க்கடை வரை வாதம் நடக்கிறது. 1948 ஆகஸ்டில் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது தமிழ்க் காங்கிரஸ் எதிரணியில் இருந்து அதை எதிர்த்தது. செப்டெம்பரில் அவர் அமைச்சரானார். அதன்பின் வந்தது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம்; கட்சி உடைந்த பின்னணி அங்கே இருக்கிறது. இரண்டு சட்டம், இரண்டு வாக்கெடுப்பு, நடுவில் ஒரு பதவியேற்பு. இவற்றை ஒன்றாகக் குழைத்துப் பேசுபவரிடம் எந்த நாள் வாக்கெடுப்பு என்று ஒரு கேள்வி கேளுங்கள், வாதம் தானாகவே தெளியும்.

ஏழாம் படி: ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு விடயத்துக்கு ஒரு தாள். மேலே விடயம், அதற்குக் கீழே காலவரிசையில்: மேடையில் சொன்னது, சபையில் சொன்னது, வாக்கு, வாக்குக்குப் பின் சொன்னது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதியும் ஹன்சாட் பத்தி இலக்கமோ காணொளி நிமிடமோ இருக்க வேண்டும். "துரோகம்", "சாதனை" போன்ற சொற்கள் அந்தத் தாளில் வரவே கூடாது. "2024.01.24, இரண்டாம் வாசிப்பு, பட்டியலில் பெயர் இல்லை" என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வாசிப்பவருக்கு அறிவு இருக்கிறது.

எழுதி முடித்ததும் அந்த எம்.பி.யின் ஆதரவாளர் ஒருவரிடம் காட்டுங்கள். அவரைவிடக் கூர்மையாகப் பிழை பிடிக்க ஆள் கிடைக்காது. அவர் சுட்டும் தவறு உண்மையானால் திருத்துங்கள், "இருந்தாலும் எங்கள் தலைவர்..." என்று மட்டும் சொன்னால் தாள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எட்டாம் படி: கிடைக்காததைக் கேட்டு வாங்குங்கள்

சபை அமர்வுகளுக்கு எத்தனை நாள் வந்தார் என்பது, உள்ளூர் வேலைகளுக்காக அவருக்கு ஒதுக்கப்படும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி எந்தத் தோட்டத்துக்கு எதற்குப் போனது என்பது, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் என்ன முடிவானது என்பது ஹன்சாட்டில் இராது. இவற்றுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வரவு விபரத்துக்குப் பாராளுமன்றத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நிதி விபரத்துக்கு மாவட்டச் செயலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. லயத்தில் இருக்கும் முதியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி குறுகியதாக இருக்கட்டும். "எம்.பி. என்ன செய்தார்?" என்று கேட்டால் பதில் வராது. "2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இன்னாரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் நிறைவேறிய வேலைகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் செலவான தொகையும்" என்று கேட்டால் மழுப்ப இடமில்லை. கடிதத்தின் பிரதியை டவுனில் கொமினிகேஷன் கடையில் எடுத்துவிட்டு, கையளிக்கும்போது அந்தப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நேரே போக முடியாவிட்டால் பதிவுத் தபால். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் முதல் மௌனத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மேன்முறையீட்டுக் கடிதம் போனதும் அசையும் கோப்புகள் ஏராளம்.

கடைசியாக, எம்.பி.யிடமே கேளுங்கள். தாளை முடித்தபிறகு, வெளியில் பகிர்வதற்கு முன். அவருடைய அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: இந்தத் திகதியில், இந்த வாக்கெடுப்பில், பதிவு இப்படி இருக்கிறது, அதற்கு முன் இந்த மேடையில் இப்படிச் சொன்னீர்கள், உங்கள் விளக்கம் என்ன? இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். விளக்கம் வந்தால் அவர் சொன்னபடியே தாளின் அடியில் சேருங்கள். வராவிட்டால், கடிதம் அனுப்பிய திகதியையும் பதில் கிடைக்கவில்லை என்பதையும் அதே இடத்தில் எழுதிவிட்டுப் பகிருங்கள்.